வாளையாறு தாண்டி வந்தவர்களுக்கு: விபத்து இழப்பீடும் வக்கீல் கட்டணமும்

கோயம்புத்தூர், பொள்ளாச்சி, திருப்பூர் பக்கமிருந்து வாளையாற்று எல்லையைத் தாண்டி, கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் உள்ள கஞ்சிக்கோட்டுத் தொழிற்சாலைகளுக்கும், சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பகுதித் தோப்புகளுக்கும் குடிவரும் நம்மவர்கள் வாடகை வீடு, ரேஷன் கார்டு, பிள்ளைகளின் பள்ளி எல்லாவற்றையும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்கிறார்கள். சாலை விபத்தில் அடிபட்டால் என்ன செய்வது என்பதை மட்டும் அடிபட்ட பிறகே கேட்கிறார்கள். சுற்றிலும் மலையாளம் ஒலிக்கும் அந்த நேரத்தில், மருத்துவமனை வராந்தாவில் முதலில் தமிழில் ஆறுதல் சொல்பவர் யாரோ, அவர் நீட்டும் வக்காலத்தில் (வழக்கை நடத்த வக்கீலுக்கு அதிகாரம் தரும் தாளில்) கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். அந்தக் கையெழுத்துக்கு முன்னால் தெரிந்திருக்க வேண்டியவற்றையே இங்கே எழுதுகிறேன்.

எல்லைப்புறத்தில் விபத்து ஒரு மாநிலத்திலும் சிகிச்சை இன்னொரு மாநிலத்திலும் நடப்பது வழக்கம். வாளையாற்றுக்கு இப்பால் அடிபட்டவரைக் கோயம்புத்தூருக்குக் கொண்டுசென்றால், அங்கே எழுதப்படும் விபத்துப் பதிவேட்டின் நகல் ஓரிடத்திலும், கேரளக் காவல் நிலையத்தின் முதல் தகவல் அறிக்கை வேறோரிடத்திலும் இருக்கும். எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம் என்று 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் சொல்கிறது என்றாலும், வழக்கை விசாரிப்பது சம்பவம் நடந்த எல்லைக்குரிய நிலையமே என்பதால், கோவையில் கொடுத்த வாக்குமூலம் அங்கே போய்ச் சேர்ந்ததா என்று ஒரு வாரத்துக்குள் நேரில் சென்று பார்த்துவிடுங்கள். விபத்துப் பதிவேட்டின் நகலைத் தமிழ்நாட்டில் ‘ஏ.ஆர். காப்பி’ என்று கேட்டுப் பழகியவர்கள் இங்கே ‘வூண்ட் சர்டிபிகேட்’ (காயச் சான்றிதழ்) என்று கேட்க வேண்டும். அதோடு மகசர் (சம்பவ இடத்தைப் பார்த்துக் காவல்துறை எழுதும் அறிக்கை), வாகன ஆய்வாளரின் அறிக்கை, குற்றப்பத்திரிகை ஆகியவற்றின் நகல்களும் தேவைப்படும். மோதிய வண்டியின் இன்சூரன்ஸ் நடப்பில் இருந்ததா என்பதைப் பதிவு எண்ணைக் கொண்டே பார்த்துக்கொள்ளலாம். முதல் ஏழு நாள் சிகிச்சைக்கு, பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் 1.5 லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லாச் சிகிச்சை தரும் மத்திய அரசின் திட்டம் 2025 மே மாதம் அறிவிக்கப்பட்டுள்ளது. சேர்க்கும்போதே அதைக் கேளுங்கள்.

வழக்கை எங்கே தொடுப்பது என்பதில் பலருக்கும் தேவையற்ற அச்சம் உண்டு. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 166ஆம் பிரிவின்படி, விபத்து நடந்த இடம், நீங்கள் குடியிருக்கும் அல்லது தொழில் செய்யும் இடம், எதிர்த்தரப்பினர் வசிக்கும் இடம் ஆகிய எதற்குரிய மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திலும் மனுச் செய்யலாம். பாலக்காட்டில் அடிபட்டுப் பொள்ளாச்சியில் வீடுள்ளவர் இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். காவல்துறை ஆவணங்கள் மலையாளத்தில் இருப்பதாலும் சாட்சிகள் இங்கேயே இருப்பதாலும், இங்கே தொடர்ந்து வசிக்கப்போகிறவர்களுக்குப் பாலக்காடே வசதி என்பது என் எண்ணம். ஊர் திரும்பிவிடுவோம் என்று உறுதியாக இருப்பவர்களுக்கு மட்டும் தமிழ்நாட்டுத் தீர்ப்பாயம் பொருந்தும். எதைத் தேர்ந்தாலும், 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த திருத்தம் விபத்து நடந்த நாளிலிருந்து ஆறு மாதம் என்று கெடு வைத்திருப்பதால், கட்டுப் பிரிக்கும்வரை காத்திருக்காமல் மனுவைக் கொடுத்துவிடுங்கள். வேலை நேரத்தில் அடிபட்ட ஓட்டுநர், சுமைதூக்குவோர் போன்றவர்கள் தொழிலாளர் இழப்பீட்டு விதிகளின்கீழும் கேட்க முடியும். ஆனால் இரண்டில் ஒன்றைத்தான் கேட்கலாம்.

எவ்வளவு கிடைக்கும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. அதைத் தெரிந்துகொண்டால் ‘இருபது லட்சம் வாங்கித் தருகிறேன்’ என்ற பேச்சுக்கு மயங்க மாட்டீர்கள். மருத்துவச் செலவு, படுத்திருந்த காலத்தின் வருமான இழப்பு, வலிக்கும் வேதனைக்குமான தொகை, இனிமேல் ஆகும் சிகிச்சைச் செலவு ஆகியவை தனித்தனித் தலைப்புகளில் வரும். நிரந்தர ஊனம் இருந்தால்தான் தொகை பெரிதாகிறது. மாதம் 15,000 ரூபாய் சம்பாதிக்கும் 35 வயதுத் தொழிலாளியை எடுத்துக்கொள்ளுங்கள். நாற்பது வயதுக்குக் குறைந்த, நிரந்தர வேலை இல்லாதவருக்கு வருங்கால உயர்வாக 40 விழுக்காடு சேர்த்தால் மாதம் 21,000, ஆண்டுக்கு 2,52,000 ஆகும். ஆண்டு வருமானத்தைப் பெருக்குவதற்கு அந்த வயதுக்கு உச்ச நீதிமன்றம் வகுத்த எண் 16. உழைக்கும் திறனில் 20 விழுக்காடு குறைந்ததாகத் தீர்ப்பாயம் ஏற்றால், இந்தத் தலைப்பில் மட்டும் 8,06,400 ரூபாய் வரும். மருத்துவச் சான்றிதழில் உள்ள ஊனத்தின் அளவும், தொழில் செய்யும் திறனில் ஏற்பட்ட இழப்பின் அளவும் ஒன்றல்ல என்பதை மறக்கக் கூடாது. விரல் போன கணக்கெழுத்தருக்கும் விரல் போன தறிக்காரருக்கும் இழப்பு ஒன்றாகுமா? எனவே சம்பளச் சீட்டோ, கூலியைக் காட்டும் வங்கிக் கணக்கோ, முதலாளியின் கடிதமோ ஏதாவது ஒன்றைத் தேடி வையுங்கள். அது இல்லாவிட்டால் தீர்ப்பாயமே ஒரு வருமானத்தை ஊகித்துக்கொள்ளும். அந்த ஊகம் பெரும்பாலும் நம் உழைப்பைவிடக் குறைவாகவே இருக்கும்.

இனி வக்கீல் கட்டணம். கிடைப்பதில் இத்தனை பங்கு என்று பேசிக்கொள்ளும் வழக்கம் எல்லையின் இரு பக்கமும் இருக்கிறது. அது சட்டப்படி செல்லாது. வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசுவதையும், கிடைக்கும் தொகையில் பங்கு கேட்பதையும் இந்திய வழக்கறிஞர் மன்றத்தின் விதிகள் தடைசெய்கின்றன. விபத்தில் கணவரை இழந்த தெலங்கானாப் பெண் ஒருவரிடம் கட்டணத்துக்காகக் காசோலை வாங்கிய வக்கீல் தொடுத்த வழக்கை, 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இதே காரணத்தால் ரத்து செய்தது. ஆகவே மொத்தத் தொகை ஒன்றை முதலிலேயே பேசி, எந்தக் கட்டத்தில் எவ்வளவு என்று தாளில் எழுதி வாங்குங்கள். நீதிமன்றக் கட்டணம், நகல் செலவு, மருத்துவரைச் சாட்சிக்கு அழைக்கும் செலவு ஆகியவை அதில் அடங்குமா என்பதையும் அப்போதே கேட்டுவிட வேண்டும். நல்ல வக்கீல் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

என் தம்பிக்கு அடிபட்டபோது நானும் ஏமாந்தவன்தான். மலையாளத்தில் இருந்த தாளைப் படிக்கத் தெரியாமல் கையெழுத்திட்டதோடு, நிரப்பாத இரண்டு காசோலைகளையும் பாஸ்புத்தகத்தையும் ‘பத்திரமாக இருக்கட்டும்’ என்ற ஒரு சொல்லுக்காகக் கொடுத்துவிட்டேன். பணம் வந்த அன்றே அதில் மூன்றில் ஒரு பங்கு கணக்கிலிருந்து போய்விட்டது. இழப்பீடு உங்கள் வங்கிக் கணக்குக்கே வர வேண்டும். பாஸ்புத்தகமும் காசோலைப் புத்தகமும் உங்கள் வீட்டிலேயே இருக்க வேண்டும். வக்கீலை மாற்ற நேர்ந்தால், கட்டணப் பாக்கியைக் காட்டி அவர் வழக்கு ஆவணங்களைப் பிடித்துவைக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2000ஆம் ஆண்டிலேயே தீர்ப்பளித்திருக்கிறது. அதற்கு மேலும் தொல்லை வந்தால் எர்ணாகுளத்தில் உள்ள கேரள வழக்கறிஞர் மன்றத்தில் புகார் செய்யலாம். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், ஊனமுற்றோர் ஆகியோருக்கு வருமான வரம்பின்றி இலவச வக்கீல் கிடைப்பார். அதற்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்தை அணுக வேண்டும், அல்லது 15100 என்ற எண்ணில் கேட்க வேண்டும்.

சமரசத்துக்கு இன்சூரன்ஸ் நிறுவனமே முன்வருவதுண்டு, லோக் அதாலத் என்ற மக்கள் நீதிமன்றத்திலும் பேசி முடிப்பதுண்டு. இரண்டிலும் பணம் சீக்கிரம் வரும். ஆனால் லோக் அதாலத்தின் தீர்வை எதிர்த்து மேல்முறையீடு கிடையாது. காலில் வைத்த தகட்டையும் கம்பியையும் எடுக்க இன்னொரு அறுவை சிகிச்சை பாக்கி இருக்கும்போது, ‘முழுத் தீர்வு’ என்று எழுதிய தாளில் கையெழுத்திட்டால் அந்தச் செலவு உங்கள் தலையில் விழும். அதனால் மருத்துவரிடம் எதிர்காலச் செலவை எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகே பேரத்தில் உட்காருங்கள்.

கடைசியில் ஒரு சிறு சிக்கல் பலரைக் கஷ்டப்படுத்துகிறது. தமிழ்நாட்டு ஆவணங்களில் தந்தையின் முதலெழுத்து பெயருக்கு முன்னால் இருக்கும். கேரள மருத்துவமனையில் அதைப் பின்னால் எழுதியிருப்பார்கள், சில வேளை ஊர்ப்பெயரையும் சேர்த்திருப்பார்கள். வங்கியில் அது வேறு ஆளாகத் தெரியும். தீர்ப்பு வந்த பிறகு அலைவதைவிட, இருவரும் ஒருவரே என்ற சான்றிதழை வில்லேஜ் ஆபீசில் வாங்கி மனுவோடு சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.