பச்சை டிக் மட்டும் போதாது: கணினியின் பாதுகாப்பையும் அப்டேட்டையும் இலவசமாகச் சரிபார்க்கும் முறை

தொண்டி முதல் ஏர்வாடி வரையிலான கடலோர ஊர்களில் நெட் சென்டர், ஜெராக்ஸ் கடை, மீன் கம்பெனி, இராமேஸ்வரத்து விடுதி என எங்கு சென்றாலும் மேசையில் ஒரு கணினி இருக்கிறது. அதற்குள் ஊராரின் ஆதார் நகலும், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கமும், படகுப் பதிவுச் சான்றும் நாள்தோறும் சேர்ந்துகொண்டே போகின்றன. அந்தக் கணினி பாதுகாப்பாக இருக்கிறதா என்று பார்ப்பதற்குப் பணம் கொடுத்து எதையும் வாங்க வேண்டியதில்லை. விண்டோஸ் 10, விண்டோஸ் 11 இரண்டிலும் 'விண்டோஸ் செக்யூரிட்டி' என்ற கருவி உடன்வருகிறது. அதைத் திறந்து, பச்சை டிக்கைப் பார்த்ததும் மூடிவிடுவதுதான் பலரின் வழக்கம். பச்சை டிக் காவல் இயங்குகிறது என்பதை மட்டுமே சொல்லும். அந்தக் காவல் எதைப் பார்க்காமல் விடுகிறது என்பதை உள்ளே போய்த்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஸ்டார்ட் மெனுவில் 'செக்யூரிட்டி' என்று ஆங்கிலத்தில் தட்டச்சு செய்தால் கருவி வந்து நிற்கும். அதில் 'வைரஸ் அண்ட் த்ரெட் ப்ரொடெக்‌ஷன்' பக்கத்தைத் திறந்து, கீழே 'ப்ரொடெக்‌ஷன் அப்டேட்ஸ்' பகுதியில் உள்ள தேதியை முதலில் படியுங்கள். புதிய வைரஸ்களின் அடையாளங்களை மைக்ரோசாஃப்ட் ஒரே நாளில் பலமுறை வெளியிடுகிறது. ஆகவே அந்தத் தேதி ஒரு வாரம் பின்தங்கியிருந்தால் 'செக் ஃபார் அப்டேட்ஸ்' பட்டனை அழுத்திப் புதுப்பித்துவிட்டுத்தான் அடுத்த வேலைக்குப் போக வேண்டும். வேறு நிறுவனத்தின் ஆன்டிவைரஸ் இருந்தால் அதன் பெயரே இங்கே காட்டப்படும். அதன் சந்தா முடிந்திருந்து, புதுப்பிக்கும் எண்ணமும் இல்லையென்றால், அதை நீக்கிவிடுங்கள். விண்டோஸின் சொந்த டிஃபெண்டர் தானாகவே பொறுப்பேற்றுக்கொள்ளும்.

அடுத்துப் பார்க்க வேண்டிய இடம் யாரும் எளிதில் எட்டிப் பார்க்காத இடம். அதே பக்கத்தில் 'மேனேஜ் செட்டிங்ஸ்' என்பதைத் திறந்து அடிவரை இறங்கினால் 'எக்ஸ்குளூஷன்ஸ்' என்ற பகுதி இருக்கும். ஸ்கேன் செய்ய வேண்டாம் என்று விலக்கி வைக்கப்பட்ட கோப்புறைகளின் பட்டியல் அது. பாஸ்போர்ட் சைஸ் போட்டோ போடும் மென்பொருளையோ டிசைன் மென்பொருளையோ கிராக் போட்டு (காசு கொடுத்து வாங்காமலே இயங்கும்படி பூட்டை உடைத்து) நிறுவித் தருபவர்கள், டிஃபெண்டர் அந்தக் கிராக்கை அழித்துவிடாமல் இருப்பதற்காக அதன் கோப்புறையை இங்கே சேர்த்துவிடுவார்கள். வேலை சுருக்கமாக முடியட்டும் என்று சி டிரைவ் முழுவதையுமே சேர்த்துவிடுவதும் உண்டு. அப்படிச் சேர்த்தபின் எத்தனை முறை ஸ்கேன் செய்தாலும் 'நோ கரென்ட் த்ரெட்ஸ்' என்றுதான் வரும். நீங்கள் அறிந்து சேர்க்காத எதுவும் அந்தப் பட்டியலில் இருந்தால் நீக்குங்கள். நீக்கியதும் டிஃபெண்டர் கூச்சலிட்டால், பிரச்சினை டிஃபெண்டரிடம் இல்லை.

இதன் பிறகு செய்யும் ஸ்கேனுக்குத்தான் பொருள் உண்டு. 'ஸ்கேன் ஆப்ஷன்ஸ்' பகுதியில் 'ஃபுல் ஸ்கேன்' தேர்ந்தெடுத்து, கடையை அடைக்கும் நேரத்தில் ஓடவிடுங்கள். பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் பல மணி நேரம் ஆகும். வாடிக்கையாளர் கொண்டுவரும் பென் டிரைவைத் திறக்கும் முன் அதன் மேல் வலது கிளிக் செய்து டிஃபெண்டரால் ஸ்கேன் செய்வதைக் கட்டாயமாக்குங்கள். டிரைவில் உள்ள கோப்புறைகளெல்லாம் ஷார்ட்கட்டாக மாறிக் கிடந்தால் அவற்றில் எதையும் இரட்டைக் கிளிக் செய்யக் கூடாது.

இன்னொரு கருத்தும் வேண்டுமென்றால் மைக்ரோசாஃப்ட் தளத்திலேயே 'சேஃப்டி ஸ்கேனர்' இலவசமாகக் கிடைக்கிறது. நிறுவத் தேவையில்லை, இறக்கிய நாளிலிருந்து பத்து நாள் மட்டுமே இயங்கும், பிறகு புதிதாக இறக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது பாதிக்கப்பட்ட கோப்புகள் என்று அது காட்டும் எண்ணைக் கண்டு பதற வேண்டாம். அது சந்தேகத்தின் எண்ணிக்கை. இறுதியில் வரும் முடிவே கணக்கு.

அப்டேட் விஷயத்துக்கு வருவோம். செட்டிங்ஸில் 'விண்டோஸ் அப்டேட்' பக்கத்தில் 'யூ ஆர் அப் டு டேட்' என்ற வரிக்குக் கீழே கடைசியாகச் சரிபார்த்த நேரம் சிறிய எழுத்தில் இருக்கும். மேல்வரியை விட அதுவே முக்கியம். 'அப்டேட் ஹிஸ்டரி'யைத் திறந்து, 'ஃபெயில்டு' என்று குறித்தவை உள்ளனவா என்பதையும் பாருங்கள். மாதந்தோறும் இரண்டாம் செவ்வாயன்று பாதுகாப்பு அப்டேட்டுகள் வெளியாகின்றன. நம் நேரப்படி அது இரவாகிவிடுவதால் மறுநாள் புதன்கிழமை காலையில் இந்தப் பக்கத்தைப் பார்ப்பது நல்ல பழக்கம். அது அமாவாசையாக அமைந்துவிட்டால் இராமேஸ்வரத்து விடுதிக்காரர்கள் வியாழனுக்குத் தள்ளிக்கொள்ளலாம். மாதக்கணக்கில் தள்ளக் கூடாது. 2017 மே 12 அன்று பரவிய வான்னாகிரை என்ற, கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ், மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச் 14 அன்றே அடைத்துவிட்ட ஓட்டையின் வழியாகத்தான் கணினிகளுக்குள் நுழைந்தது.

போன் ஹாட்ஸ்பாட்டில் கணினியை இயக்குபவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. அந்த இணைப்பு 'மீட்டர்டு கனெக்‌ஷன்' என்று குறிக்கப்பட்டிருந்தால், டேட்டா செலவாகும் என்று கருதிப் பெரும்பாலான அப்டேட்டுகளை விண்டோஸ் இறக்காமல் நிறுத்திவைக்கும். வைஃபை இணைப்பின் ப்ராப்பர்ட்டீஸில் அந்தக் குறியைத் தற்காலிகமாக எடுத்துவிட்டு இறக்கிக்கொள்ளலாம். ஐப்பசி, கார்த்திகை மழைக் காலத்தில் யூபிஎஸ் இல்லாத கணினியில் அப்டேட்டைத் தொடங்காதீர்கள். பாதியில் மின்சாரம் போனால் விண்டோஸே திறக்காமல் போகக்கூடும்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. வீட்டுக் கணினிகளுக்கான நீட்டிப்புத் திட்டத்தில் சேர்ந்தவர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் உண்டு. உங்கள் கணினி விண்டோஸ் 11-ஐத் தாங்குமா என்பதை மைக்ரோசாஃப்டின் இலவச 'பிசி ஹெல்த் செக்' கருவி சொல்லும், டிபிஎம் 2.0 எனும் பாதுகாப்பு சிப், 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம் ஆகியவை அடிப்படைத் தேவைகள். மீன் கம்பெனிகளின் பில்லிங் கணினியை மாற்றுவதற்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலமே ஏற்றது.

விண்டோஸ் அப்டேட் பக்கம் மற்ற நிறுவனங்களின் மென்பொருள்களைப் பொதுவாகக் கண்டுகொள்ளாது. பிடிஎஃப் ரீடர், விஎல்சி, ஜிப் பிரிக்கும் மென்பொருள் போன்றவை ஆண்டுக்கணக்கில் பழையதாகவே கிடக்கும். கமாண்ட் ப்ராம்ப்டைத் திறந்து, 'வின்', 'கெட்' இரண்டையும் ஒரே சொல்லாக ஆங்கிலத்தில் எழுதி, இடைவெளி விட்டு 'அப்கிரேட்' என்று தட்டினால், எது எந்தப் பதிப்பில் இருக்கிறது, எந்தப் பதிப்பு வந்திருக்கிறது என்ற பட்டியல் கிடைக்கும். கட்டளை தெரியவில்லை என்று வந்தால் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் 'ஆப் இன்ஸ்டாலர்' போட்டுக்கொள்ளுங்கள்.

பட்டியலை ஒரே அறிக்கையாகப் பார்க்க விரும்பும் வீட்டுப் பயனர்களுக்கு 'பெலார்க் அட்வைசர்' பொருத்தமானது. நிறுவிய மென்பொருள்கள், விடுபட்ட பாதுகாப்பு அப்டேட்டுகள், ஆன்டிவைரஸின் நிலை எல்லாவற்றையும் அது பிரவுசரில் ஒரே பக்கமாகக் காட்டும். அந்தப் பக்கத்தில் மென்பொருள்களின் லைசென்ஸ் எண்களும் இருப்பதால் அதை வாட்ஸ்அப்பில் யாருக்கும் அனுப்பாதீர்கள். சொந்த உபயோகத்துக்கு மட்டுமே இலவசம் என்பதால் கடைக் கணினியில் இதைப் போடுவது முறையாகாது.

இத்தனையிலும் ஏதேனும் வைரஸ் அகப்பட்டு, நீக்கியும் திரும்பத் திரும்ப வருமானால், 'ஸ்கேன் ஆப்ஷன்ஸ்' பகுதியில் உள்ள ஆஃப்லைன் ஸ்கேனைத் தேர்ந்தெடுங்கள். கணினி ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் முழுமையாகத் திறக்கும் முன்பே சோதிக்கும். வங்கி, மின்னஞ்சல் கடவுச்சொற்களை அந்தக் கணினியில் அல்லாமல் வேறொரு கருவியில் மாற்றுங்கள். கணக்கிலிருந்து பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைத்துப் புகாரைப் பதிவு செய்யுங்கள்.