கைரேகை, டாரட் கார்டு பாக்கப் போறவங்க வழக்கமா பண்ற தப்புகள்

எங்க பெரியம்மா ராமேஸ்வரம் பக்கம் தங்கச்சிமடத்துல இருக்காங்க, முப்பது வருஷத்துக்கு மேல கடல்பாசி எடுத்தவங்க. விரல்ல துணியச் சுத்திக்கிட்டு பாறை இடுக்குல கைய விட்டு பறிச்சுப் பறிச்சு விரல் நுனியெல்லாம் வழுவழுன்னு ஆயிருச்சு. ரேஷன் கடை மெஷின்ல பெருவிரல ஏழெட்டு தடவ வச்சாலும் எடுக்காது, துடைச்சிட்டு வைங்க, எண்ணெய் தொட்டு வைங்கன்னு அந்தத் தம்பியும் சொல்லிச் சொல்லி ஓஞ்சு போயிருவாப்ல. அதே கைய அக்னி தீர்த்தக் கரையில ஒருத்தர் புடிச்சுக்கிட்டு ரெண்டே நிமிஷத்துல பேரன் காலம் வரைக்கும் படிச்சு சொல்லிட்டாரு. சரி, விரல் ரேகை வேற உள்ளங்கை ரேகை வேற, ஒத்துக்கிறேன், ஆனாலும் எனக்கு சிரிப்பு அடக்க முடியல.

அவர் சொன்னது இதுதான். "தாயி, ஒங்க குடும்பத்துல தண்ணியில ஒரு கண்டம் இருக்கு. கூடப் பொறந்தவங்களால ஒரு மனக்கஷ்டம். கைக்கு காசு வருது, ஆனா தங்க மாட்டேங்குது." பெரியம்மாவுக்கு கண்ணு கலங்கிருச்சு, எப்புட்றா இவருக்குத் தெரியும்னு என்னையப் பாக்குறாங்க. பாம்பன் தீவுல தண்ணியில கண்டம் இல்லாத வீடு எது பெரியம்மா? 1964 டிசம்பர் புயல்ல தனுஷ்கோடியே போச்சு, அதுல ஒரு சொந்தக்காரரையாவது இழக்காத பழைய குடும்பம் இங்க கம்மி. இப்பவும் கடலுக்குப் போன படகு கரைக்கு வர்ற வரைக்கும் வீட்டுல யாருக்கு நிம்மதி இருக்கு? அந்த மனுஷனே வெளியூர்ல இருந்து தீர்த்தமாட வந்தவங்க கையப் புடிச்சா "முன்னோர் காரியம் ஒன்னு பாக்கி நிக்குதே"ன்னு ஆரம்பிக்கிறாரு. ராமேஸ்வரத்துக்கு அமாவாசை அன்னைக்கு வேற எதுக்கு வருவாங்க!

இதுதான் நம்ம பண்ற முதல் தப்பு, பொதுவா சொன்னத நமக்குன்னே சொன்னதா எடுத்துக்கிறது. 1948ல அமெரிக்காவுல பெர்ட்ரம் ஃபோரர்னு ஒரு சைக்காலஜி வாத்தியார் தன் கிளாஸ் பசங்க 39 பேருக்கு ஒரு டெஸ்ட் வச்சு, ஆளுக்கு ஒரு ரிப்போர்ட் குடுத்து, உன் குணத்துக்கு எவ்வளவு பொருந்துதுன்னு அஞ்சுக்கு மார்க் போடுன்னாரு. சராசரி 4.26 வந்துச்சு. அப்புறம் பாத்தா எல்லார் கையிலயும் இருந்தது ஒரே ரிப்போர்ட், கடையில விக்கிற ஜோசிய புத்தகத்துல இருந்து பொறுக்கி எழுதுன வரிகள். ரே ஹைமன்னு இன்னொருத்தர், சின்ன வயசுல காசுக்கு கைரேகை பாத்தவரு, அவரே அத முழுசா நம்பியிருக்காரு. ஒரு ஃப்ரெண்ட் சொன்னான்னு ரேகை என்ன சொல்லுதோ அதுக்கு நேர் எதிரா சொல்லிப் பாத்தாரு. கை காட்டுனவங்க அப்பவும் அப்படியே அசந்து போனாங்களாம். அதோட அவர் நம்பிக்கை போச்சு, பின்னாடி அவரே சைக்காலஜி புரொஃபசராகி ஆளுங்க ஏன் இப்படி ஏமாறுறாங்கன்னே ஆராய்ச்சி பண்ணாரு.

அடுத்தது, நம்மளே எல்லாத்தையும் சொல்லிட்டு அவர் சொன்னதா நெனச்சுக்கிறது. உள்ளங்கையில காப்பு காச்சிருக்கு, நரம்பு வலை அறுத்த கோடு தெரியுது, கழுத்துல சிலுவையோ தாலியோ இருக்கு, கூட யார் வந்திருக்காங்க, பேச்சு எந்த ஊரு, இதெல்லாம் நாம வாய தொறக்குறதுக்கு முன்னாடியே அவருக்குத் தெரியும். "ஒரு பொம்பளப் புள்ள விஷயமா மனசுல ஓடுதே"ன்னு இழுத்துட்டு முகத்தப் பாப்பாரு. நாம லேசா தலைய ஆட்டுனா கல்யாணம், ஆட்டலைன்னா "இல்ல, ஒங்க அம்மா உடம்பு"ன்னு திருப்பிருவாரு. அந்தத் திருப்பம் நமக்கு ஞாபகமே இருக்காது, வீட்டுக்கு வந்து "அம்மாவுக்கு முடியாதத கரெக்டா சொன்னாருப்பா"ன்னுதான் சொல்லுவோம். இத பெரிய மோசடின்னுகூட சொல்ல மாட்டேன், கை பாக்குறவங்கள்ல பாதிப் பேருக்கு, முகம் பாத்துத்தான் சொல்றோம்னு அவங்களுக்கே தெரியாது, ரேகைதான் பேசுதுன்னு நம்புறாங்க.

ரேகையில விஷயமே இல்லையான்னா, இருக்கு, ஆனா வேற விஷயம். உள்ளங்கை மடிப்பு கரு மூணு மாசம் ஆகும்போதே உருவாயிருது, கை மடங்குற இடத்துல தோல் மடியணும்ல, அதுக்குத்தான் அந்தக் கோடு. டாக்டரும் கையப் பாப்பாரு, வெளிறிப் போயிருந்தா ரத்தசோகையான்னு டெஸ்ட் எடுப்பாரு, விரல் நுனி வீங்கி நகம் வளைஞ்சிருந்தா நுரையீரலையும் இதயத்தையும் செக் பண்ணச் சொல்லுவாரு. ஆனா ஆயுள் ரேகை நீளத்த வச்சு எந்த டாக்டரும் வயசு சொல்றதில்ல.

டாரட் பக்கம், அதாவது படம் போட்ட சீட்ட எடுத்துப் பலன் சொல்றது பக்கம் வந்தா தப்பு வேற மாதிரி. கிளி ஜோசியத்தக் கேலி பண்ற நம்ம காலேஜ் புள்ளைங்களே இன்ஸ்டாவுல டாரட்னா கண்ண விரிச்சுப் பாக்குறாங்க, ஏதோ எகிப்துல இருந்து வந்த ரகசியம்னு. அது 15ஆம் நூற்றாண்டுல வட இத்தாலியில சீட்டு வெளையாட செஞ்ச கட்டு, அவ்வளவுதான். முன்னூறு வருஷத்துக்கு மேல கழிச்சு, 1781ல பிரான்ஸ்ல ஒருத்தர் இது எகிப்து ஞானம்னு எழுதி வச்சாரு. எகிப்து சித்திர எழுத்தப் படிக்க வழி கண்டுபுடிச்சதே 1822லதான், அப்ப அவரு எத வச்சு எழுதுனாருன்னு நீங்களே பாத்துக்கங்க. இன்னைக்கு ரீல்ஸ்ல பாக்குற படங்க பமீலா கோல்மன் ஸ்மித்னு ஒரு அம்மா வரைஞ்சு 1909ல லண்டன்ல வந்தது, அழகான படங்க, அதுல சந்தேகமே இல்ல. மொத்தம் 78 கார்டு, ஒவ்வொன்னுக்கும் நேரா வந்தா ஒரு அர்த்தம், தலைகீழா வந்தா ஒரு அர்த்தம். சாவு கார்டு வந்தா பயப்படாத, அது மாற்றம்னு சொல்லுவாங்க. எது வந்தாலும் எதையாவது சொல்லிக்கலாம்னா அது எப்படி தப்பாகும், சொல்லுங்க.

இங்கதான் நான் எங்காளுங்ககிட்ட ஒன்னு கேப்பேன். பாம்பன் துறைமுகத்துல புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏத்துறாங்க, காத்து மணிக்கு 45ல இருந்து 55 கிலோமீட்டர் வேகத்துல அடிக்கும், இன்ன தேதி கடலுக்குப் போகாதீங்கன்னு சொல்றாங்க. சில சமயம் தப்பாப் போகும், நாமளும் மறுநாளே திட்டுவோம். திட்ட முடியுதுல்ல, ஏன்னா நாளும் வேகமும் சொல்லியிருக்காங்க. "வர்ற காலம் கொஞ்சம் கஷ்டம், அப்புறம் நல்லாயிரும்"னு சொன்னவர எத வச்சு திட்டுவீங்க? அதனால பாக்கப் போறீங்கன்னா சொல்றத அப்படியே ஒரு பேப்பர்ல தேதி போட்டு எழுதிக்கங்க, ஆறு மாசம் கழிச்சு எடுத்துப் பாருங்க. எங்க அக்கா எழுதுனா, பதினோரு விஷயத்துல ரெண்டு நடந்துச்சு, அதுல ஒன்னு "ஒரு சுபச் செலவு வரும்". ஆவணியில யாருக்குத்தான் மொய் செலவு வரல.

ரொம்பப் பெரிய தப்பு முடிவ அவங்க கையில குடுக்குறது. மீன்பிடி தடைக்காலம் ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள், விசைப்படகு எல்லாம் கரையில, காசு இல்ல, கடன்காரன் வாசல்ல நிக்கிறான், அந்த நேரத்துலதான் எங்க பக்கம் நெறைய பேரு குறி கேக்கப் போவாங்க. என் மச்சான் ஒருத்தன் இன்ஜினைப் பிரிச்சு வேலை பாக்க காசு ஒதுக்கி வச்சிருந்தான். கை பாத்தவரு இப்ப இரும்புல காசு போடாத, ஆடி கழியட்டும்னுட்டாரு. சரின்னு விட்டுட்டான். சீசன் தொடங்கி மூணாவது தடவ கடலுக்குப் போனப்பவே நடுக்கடல்ல இன்ஜின் நின்னு போச்சு, நீவாடு, அதான் கடல் நீரோட்டம், வேற இலங்கை எல்லைப் பக்கம் இழுக்குது, ராத்திரி முழுக்க வயர்லெஸ்ல கத்திக் கத்தி விடியக்காலம் இன்னொரு படகு கட்டி இழுத்துட்டு வந்துச்சு. அன்னைக்கு அத்தை கரையில உக்காந்திருந்த மாதிரி யாரும் உக்காரக் கூடாது. இதுல கொடுமை என்னன்னா, "தண்ணியில கண்டம்னு சொன்னாரே, பலிச்சிருச்சு பாத்தியா"ன்னு அவனே சொல்றான். கண்டத்தை உண்டாக்குனதே இரும்புல காசு போடாதங்கிற அந்த வாக்குதான்டா!

காசு விஷயம் சுருக்கமா சொல்லிடுறேன். அம்பது நூறு குடுத்து கை காட்டுறது ஒரு டீ வடை செலவு மாதிரி, போகட்டும். "தோஷம் இருக்கு, பரிகாரம் பண்ணலைன்னா புருஷனுக்கு ஆகாது"ன்னு பயமுறுத்துன அடுத்த நிமிஷமே எந்திரிச்சிருங்க. ஆன்லைன்லயும் அதேதான், ரீடிங் 499, அப்புறம் செய்வினை எடுக்க 5,500, அப்புறம் போட்டோ அனுப்பு, ஆதார் அனுப்பு. அப்படி பணம் போயிருந்தா வெக்கப்பட்டு மறைக்காம உடனே சைபர் கிரைம் உதவி எண் 1930க்கு போன் அடிங்க, லேட்டாக ஆக பணத்த நிறுத்துறது கஷ்டம்.

உடம்பு, மனசு சரியில்லைன்னா மட்டும் இந்தப் பக்கமே வேணாம். மனநோய் தீரும்னு ஆளுங்கள கூட்டிட்டுப் போற தர்கா இருக்கிற ஏர்வாடி நமக்கு தூரம் இல்ல. 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி அங்க ஒரு தனியார் கொட்டகையில தீப்புடிச்சு, சங்கிலியில கட்டிப் போட்டிருந்த மனநோயாளிங்க 28 பேரு செத்துப் போனாங்க, ஓடக்கூட முடியல. இப்ப அங்க துவாவும் (தர்கா பிரார்த்தனை) நடக்கும், டாக்டர் குடுக்குற மருந்தும் நடக்கும். தூக்கம் இல்ல, அழுகையா வருது, சாகணும்னு தோணுதுன்னா கார்டு எடுக்காதீங்க, அரசு மனநல உதவி எண் 14416க்கு அடிங்க, காசு கிடையாது, தமிழ்லயே பேசலாம்.

பெரியம்மா இன்னமும் கை காட்டுவாங்க, ஞாயித்துக்கிழமை சர்ச்சுல பூசை முடிஞ்சு, சாமியாருக்குத் தெரியாம. நான் தடுக்கிறதில்ல, அவங்க கஷ்டத்த அஞ்சு நிமிஷம் கையப் புடிச்சுக்கிட்டு கேக்குற ஆளு வீட்டுல நாங்க யாரு இருக்கோம். மச்சான் இந்த வருஷம் தடைக்காலம் முடியுறப்ப படகை எப்படா இறக்கலாம்னு என்கிட்ட வந்து நின்னான். அணியத்துல, படகு முன்பக்கம், எலுமிச்சம்பழம் கட்டு, சிலுவையும் போடு, எனக்கென்ன, ஆயில் மாத்திட்டியான்னு மட்டும் கேட்டேன். மாத்திட்டேன்னு பில்லைக் காட்டுனான்.