தையில் வீடு வாங்க நினைப்பவர்கள் ஐப்பசியிலேயே தொடங்க வேண்டிய வேலைகள்

மார்கழி முழுவதும் ஓய்ந்திருக்கும் சென்னை வீட்டுச் சந்தை, தை பிறந்ததும் ஒரே வாரத்தில் சூடுபிடித்துவிடுகிறது. மார்கழியில் அட்வான்ஸ் கொடுக்கவும் பத்திரம் பதியவும் பலர் தயங்குவதால் தேங்கி நின்ற பேச்சுகள் எல்லாம் பொங்கல் முடிந்த கையோடு சார்பதிவாளர் அலுவலக வாசலுக்கு வந்து சேர்கின்றன. முகூர்த்த நாள்களில் கூட்டம் பெருகுவதால் பதிவுத்துறையே கூடுதல் டோக்கன்கள் ஒதுக்குவது வழக்கமாகிவிட்டது. இந்த நெரிசலில், "இன்னொரு பார்ட்டி நாளைக்கே அட்வான்ஸ் கொடுக்கத் தயாராக இருக்கிறார்" என்ற ஒரு சொல்லைக் கேட்டதும், பத்திரத்தை ஒருமுறைகூடப் படிக்காமல் பணத்தைக் கொடுத்துவிடுபவர்கள் அதிகம். எனக்கும் முகூர்த்தத்தில் நம்பிக்கை உண்டு. ஆனால் பத்திரங்களைப் படித்து முடித்த பிறகுதான் நாள் குறிக்க வேண்டும் என்பதையும் அதே அளவுக்கு நம்புகிறேன். ஐப்பசி முதல் மார்கழி வரை வீடு பார்ப்பதும் காகிதம் பார்ப்பதும் நடந்துவிட்டால், தையில் கையெழுத்து ஒன்றுதான் மிச்சமிருக்கும்.

முதலில் பணத்தைக் கணக்கிட வேண்டும். வீட்டின் விலையை மட்டும் வைத்துக் கணக்கிடுவதுதான் பொதுவாக நடக்கும் பிழை. ரிசர்வ் வங்கியின் விதிப்படி, 30 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்கு வீட்டு மதிப்பில் 90 சதவீதம் வரையும், 30 முதல் 75 லட்சம் வரை 80 சதவீதமும், அதற்கு மேல் 75 சதவீதமும்தான் வங்கி கொடுக்கலாம். பத்திரச் செலவை இந்த மதிப்பில் பொதுவாகச் சேர்க்க மாட்டார்கள். ஆகவே ஒருவர் 80 லட்சம் ரூபாய்க்குப் பழைய பிளாட் ஒன்றை வாங்குகிறார் என்றால், கடன் அதிகபட்சம் 64 லட்சம். மீதி 16 லட்சம் கைப்பணம். அதற்கு மேல் முத்திரைத்தாள் கட்டணம் 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமுமாக 7 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய் வேண்டும். தரகு, வக்கீல் கட்டணம், வங்கியின் பரிசீலனைக் கட்டணம், குடிபோவதற்கு முன் செய்ய வேண்டிய பழுதுவேலை ஆகியவற்றையும் சேர்த்தால் 25 லட்சம் ரூபாய் கையில் இல்லாமல் அந்த வீட்டைப் பேசத் தொடங்கக்கூடாது. 64 லட்சம் ரூபாயை 8.5 சதவீத வட்டியில் 20 ஆண்டுகளுக்கு வாங்கினால் மாதத் தவணை சுமார் 55,500 ரூபாய் வரும். ஐப்பசியிலிருந்தே மாதந்தோறும், இப்போது தரும் வாடகைக்கும் இந்தத் தொகைக்கும் உள்ள வித்தியாசத்தைத் தனிக் கணக்கில் போட்டுப் பாருங்கள். மூன்று மாதம் தொடர்ந்து அதைச் செய்ய முடியாவிட்டால், பார்க்க வேண்டியது வேறு விலையில் உள்ள வீடு.

கட்டுநரிடம் நேரடியாக முதல் விற்பனையில் வாங்கும் பிளாட்டுக்குக் கணக்கு வேறு. 2023 டிசம்பர் முதல் அத்தகைய பிளாட்டுகளுக்கு 50 லட்சம் வரை முத்திரைத்தாள் கட்டணம் 4 சதவீதம், 50 லட்சத்திலிருந்து 3 கோடி வரை 5 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்று ஆகியிருக்கிறது. ஆனால் கட்டி முடியாத பிளாட்டுக்குப் பொதுவாக 5 சதவீத ஜிஎஸ்டி உண்டு. பணி நிறைவுச் சான்றிதழ் பெற்ற பிறகு விற்கப்படும் வீட்டுக்கு அது கிடையாது. 80 லட்சம் ரூபாய் வீட்டில் இந்த ஒரு வேறுபாடு 4 லட்சம் ரூபாய். பத்திரத்தில் விலையைக் குறைத்துக் காட்டி மீதியை ரொக்கமாகக் கேட்கும் விற்பனையாளர்களும் இருக்கிறார்கள். அதற்கு இணங்கினால் உங்கள் கடன் தொகை குறையும், நாளை நீங்கள் விற்கும்போது லாபம் கூடுதலாகத் தெரிந்து வரியும் கூடும், சட்டப்படியும் அது தவறு.

வங்கியிடம் கடன் முன் ஒப்புதலை மார்கழிக்குள் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. அதற்கு முன், உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையை எடுத்துப் பார்க்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகப் பெறலாம். மதிப்பெண் 750க்கு மேல் இருந்தால் பேச்சு எளிதாக நடக்கும். எப்போதோ முடித்துவிட்ட பைக் கடனோ கிரெடிட் கார்டோ இன்னும் பாக்கி என்று பதிவாகியிருந்தால், அதைத் திருத்த வாரக்கணக்கில் ஆகும் என்பதால்தான் இதை முதலிலேயே செய்யச் சொல்கிறேன்.

அடுத்தது மழை. சென்னையில் வீடு தேடுபவருக்கு வடகிழக்குப் பருவமழையைப் போல் உண்மை சொல்லும் சாட்சி வேறில்லை. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் எந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்பது அந்தத் தெருவில் இருப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும். வேளச்சேரிப் பக்கம் ஒரு தரைத்தள வீட்டைப் பார்க்கப் போனபோது, "இங்கே சொட்டுத் தண்ணீர் நிற்காது" என்று தரகர் உறுதியாகச் சொன்னார். அவர் போன பிறகு, தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருந்தவரிடம், "அண்ணே, டிசம்பர் மழையில இங்க தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு?" என்று கேட்டேன். அவர் பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு, துணி தேய்க்கும் பலகையின் மேல் உள்ளங்கையை வைத்து, "இதுவரைக்கும்மா. வண்டியைத் தூக்கி அந்தத் திண்ணையில ஏத்திட்டோம்" என்றார். அந்தப் பலகை என் இடுப்பளவு இருந்தது. திரும்பிப் பார்த்தபோது, வீட்டின் சுற்றுச்சுவரில் புது வண்ணத்தின் அடியில் அதே உயரத்தில் ஒரு பழுப்புக் கோடு தெரிந்தது.

ஆகவே கனமழை பெய்த மறுநாள் காலையில், குடையோடு, வாகனத்தை விட்டுவிட்டு நடந்தே அந்தத் தெருவுக்குப் போங்கள். முக்கியச் சாலையைவிடத் தெரு தாழ்ந்திருக்கிறதா, தெருவைவிட வீடு தாழ்ந்திருக்கிறதா, மழைநீர் வடிகால் எங்கே போய்ச் சேர்கிறது என்று பார்க்க வேண்டும். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைச் சுற்றியும், முடிச்சூர், வரதராஜபுரம் போன்ற அடையாற்றின் கரையோரப் பகுதிகளிலும் வாங்க நினைப்பவர்கள் இதை இரண்டு மூன்று முறை செய்வது தகும். கோடைத் தண்ணீர் நிலவரத்தை மழைக்காலத்தில் கண்ணால் பார்க்க முடியாது என்பதால், குடியிருப்போர் சங்கத்திடம் ஏப்ரல், மே மாதங்களின் தண்ணீர் லாரிச் செலவுக் கணக்கைக் கேளுங்கள். 2019ஆம் ஆண்டு கோடையில் நகரம் பட்ட பாட்டை அனுபவித்தவர்கள் அந்தக் கணக்கை மறைக்காமல் காட்டுவார்கள். மெட்ரோ வாட்டர் இணைப்பு இருக்கிறதா, ஆழ்துளைக் கிணறு எத்தனை அடி, தண்ணீர் உப்பா என்பவற்றையும் அப்போதே கேட்டுவிடலாம்.

வீடு பிடித்துவிட்டால் முதல் வேலை, அந்தச் சொத்தின் மேல் பதிவான ஆவணங்களைப் பட்டியலிடும் வில்லங்கச் சான்றை எடுப்பது. பதிவுத்துறையின் இணையதளத்தில் 1975ஆம் ஆண்டு முதலான விவரங்களைப் பார்க்கலாம் என்பதால், 13 ஆண்டுகளுக்கு மட்டும் எடுத்துவிட்டுத் திருப்தி அடைய வேண்டியதில்லை. சான்றை வரிவரியாகப் படித்து, ஒவ்வொரு பதிவுக்கும் உரிய பத்திரம் கையில் இருக்கிறதா என்று ஒப்பிட வேண்டும். என் தம்பி ஒரு பிளாட்டுக்குத் தை முதல் வாரத்தில் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் வில்லங்கத்தை எடுத்தான். அதில் 2009ஆம் ஆண்டில் "உரிமை ஆவணங்களின் ஒப்படைப்பு ஆவணம்" என்று ஒரு பதிவு இருந்தது. அதாவது விற்பவர் அப்போது பத்திரங்களை ஒரு வங்கியில் ஒப்படைத்துக் கடன் வாங்கியிருக்கிறார். கடனை அடைத்திருந்தால் பின்னால் ஓர் இடத்தில் "இரசீது ஆவணம்" என்ற பதிவு இருக்க வேண்டும். சான்றின் கடைசிப் பக்கம் வரை தேடியும் அது இல்லை. விற்பவர் நேர்மையானவர்தான், கடனையும் அடைத்திருந்தார். ரசீதைப் பதிய வேண்டும் என்பதுதான் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. வங்கியிலிருந்து கடிதம் வாங்கி, ரசீதைப் பதிந்து, எங்கள் வங்கி அதை ஏற்றுக்கொள்வதற்குள் பங்குனி பிறந்துவிட்டது. மார்கழியில் ஒரு மாலை நேரத்தைச் செலவிட்டிருந்தால் முன்கூட்டியே சரிசெய்திருக்கக்கூடிய விஷயம் அது.

வில்லங்கச் சான்றில் பதிவான ஆவணங்கள் மட்டுமே வரும். பதியாத உயில், பதியாத ஒப்பந்தம், நீதிமன்ற வழக்கு ஆகியவை அதில் இல்லாமல் போகலாம். எனவே மூலப்பத்திரத்திலிருந்து இன்றைய பத்திரம் வரை சங்கிலி அறுபடாமல் வருகிறதா என்பதை ஒரு வக்கீல் படித்து எழுத்தில் கருத்துரை தர வேண்டும். வங்கியின் வக்கீல் பார்க்கிறாரே என்று விட்டுவிடாதீர்கள்; அவர் வங்கிக்காகப் பார்க்கிறார். சொத்து பரம்பரையாக வந்திருந்தால் இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் கட்டாயம் வேண்டும், மகள்கள் உட்பட எல்லா வாரிசுகளும் கையெழுத்திட வேண்டும். கூட்டுக் குடும்பச் சொத்தில் திருமணமாகாத மகள்களுக்கும் பங்கு உண்டு என்று தமிழ்நாடு 1989இலேயே சட்டம் இயற்றியது. 2005இல் மத்தியச் சட்டம் திருமணமான மகள்களுக்கும் அதை உறுதிசெய்தது. "அக்காவுக்கு நகை போட்டாச்சு, அவர் கேட்க மாட்டார்" என்று விற்பவர் சொல்வதை வைத்து யாரும் வீடு வாங்கக்கூடாது. பவர் பத்திரத்தின் பேரில் விற்கிறார்கள் என்றால், பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா, பவர் ரத்தாகவில்லையா என்று பார்த்து, முடிந்தால் அவரையே நேரில் சந்தித்துவிடுங்கள்.

பட்டாவையும் நில அளவை வரைபடத்தையும் அரசின் இணையதளத்தில் சரிபார்க்கலாம். பத்திரத்தில் உள்ள சர்வே எண்ணும் பரப்பும் பட்டாவில் உள்ளவையும் ஒத்துப்போகாவிட்டால், காரணம் தெரியும் வரை மேலே நகரக்கூடாது. மனை வாங்குபவர்கள் சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அல்லது டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அங்கீகார எண்ணைப் பார்த்தாக வேண்டும். அரசு நிலம், கோயில் நிலம், வக்பு நிலம் எதுவும் கலந்திருக்கக்கூடாது.

பிளாட் வாங்குபவர்கள் சதுர அடி விலையைவிட அதிகம் கவனிக்க வேண்டியது யுடிஎஸ் என்று சொல்லப்படும் பிரிக்கப்படாத நிலப்பங்கு. கட்டடம் ஆண்டுக்காண்டு தேயும்; மதிப்பு நிலத்தில்தான் நிற்கிறது. ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி நிலத்தில் ஒரே அளவுள்ள நான்கு வீடுகள் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் 600 சதுர அடி வர வேண்டும். பத்திரத்தில் 450 என்று இருந்தால், மீதி யார் பெயரில் இருக்கிறது என்று கேட்க வேண்டும். மயிலாப்பூரிலும் தி.நகரிலும் பழைய அடுக்குமாடிகளை இடித்துக் கட்டும்போது ஒவ்வொருவருக்கும் கிடைப்பதை இந்த எண்தான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் 2024இல் நடைமுறைக்கு வந்த பிறகு, மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் ஒப்புக்கொண்டாலே மறுகட்டுமானம் செய்ய வழி இருப்பதால், பழைய பிளாட் வாங்குபவருக்கு இது இன்னும் முக்கியமாகிறது.

புதிய திட்டம் என்றால், கட்டுமானத் திட்டங்களை ஒழுங்குபடுத்தும் ஆணையமான தமிழ்நாடு ரெராவின் இணையதளத்தில் பதிவு எண்ணைத் தேடி, ஒப்புதல் பெற்ற வரைபடத்தையும் முடிக்க வேண்டிய தேதியையும் பாருங்கள். ஒப்பந்தத்தைப் பதிவதற்கு முன் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் கட்டுநர் வாங்கக்கூடாது. ஒப்படைத்த பின் 5 ஆண்டுகளுக்குள் தெரியவரும் கட்டுமானக் குறைகளை அவரே சரிசெய்ய வேண்டும். நிலம் 500 சதுர மீட்டருக்கு மிகாமலோ வீடுகள் எட்டுக்கு மிகாமலோ உள்ள கட்டடங்களுக்கு ரெரா பதிவிலிருந்து விலக்கு உண்டு. நம் தெருக்களில் எழும் சிறிய அடுக்குமாடிகளில் பல இந்த வகை என்பதால், அங்கே ஒப்பந்தத்தை இன்னும் கூர்ந்து படிக்க வேண்டும். விளம்பரத்தில் உள்ள, படிக்கட்டு போன்ற பொது இடங்களையும் சேர்த்துச் சொல்லும் சூப்பர் பில்ட்அப் பரப்பை ஒதுக்கிவிட்டு, சுவருக்குள் நடக்கக்கூடிய கார்பெட் பரப்பை அளந்து விலையை ஒப்பிடுங்கள்.

இவ்வளவும் முடிந்த பிறகே அட்வான்ஸ். டோக்கன் என்று சிறு தொகை கொடுத்தாலும் வங்கி வழியாகவே கொடுத்து, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது நல்லது. சொத்துரிமையில் குறை இருந்தாலோ வங்கிக் கடன் மறுக்கப்பட்டாலோ எத்தனை நாளில் பணம் திரும்ப வரும் என்ற வரி அதில் இருக்க வேண்டும்; அந்த ஒரு வரி இல்லாததால்தான் பலர் தங்கள் பணத்துக்காகவே மாதக்கணக்கில் அலைகிறார்கள். விலை 50 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ என்றால், 1 சதவீத வருமான வரியைப் பிடித்து அரசுக்குச் செலுத்துவது வாங்குபவரின் பொறுப்பு. விற்பவர் வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் பிடித்தம் இதைவிடப் பெரியது. ஒப்பந்தத்துக்கு முன்பே ஆடிட்டரிடம் கேட்டுவிடுங்கள்.

பதிவு நாளுக்கு முந்தைய இரவே வரைவுப் பத்திரத்தில் எல்லோருடைய பெயர், தந்தை பெயர், ஆதார் எண், பான் எண், நான்கு எல்லைகள், யுடிஎஸ், கதவு எண் ஆகியவற்றை வீட்டில் இருவர் சேர்ந்து உரக்கப் படித்துச் சரிபாருங்கள். ஓர் எழுத்துப் பிழைக்குப் பிழைத்திருத்தல் பத்திரம் போட வேண்டிவரும், அதற்கு விற்பவர் மறுபடியும் வந்து கையெழுத்திட வேண்டும். பதிவு முடிந்த சில நாளில் புதிய வில்லங்கச் சான்றை எடுத்து, கடைசிப் பதிவில் உங்கள் பெயர் சரியாக வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பட்டா, சொத்து வரி, மெட்ரோ வாட்டர், மின் இணைப்பு ஆகிய நான்கிலும் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பித்துவிடுங்கள்.