நியூட்ரலில் கார் உதறினால் எங்கிருந்து தேடுவது

கார் நியூட்ரலில் நிற்கிறது. ஆனாலும் ஸ்டீயரிங் நடுங்குகிறது, சீட் அதிர்கிறது. உடனே பிளக் வாங்க ஓடாதீர்கள். என் பெட்ரோல் காரில் நான்கு பிளக்கையும் மாற்றினேன், உதறல் கொஞ்சமும் குறையவில்லை. பாகம் மாற்றுவதற்கு முன் அரை மணி நேரம் சோதனைக்கு ஒதுக்குங்கள்.

இன்ஜின் நன்றாகச் சூடேறட்டும். ஏசியை அணைத்துவிட்டு ஆர்பிஎம் முள்ளைப் பாருங்கள். பெரும்பாலான பெட்ரோல் கார்களில் அது 700 முதல் 900க்குள் அசையாமல் நிற்கும்.

அப்புறம் கிளட்ச். மேனுவல் காரில் இது இலவசமாகக் கிடைக்கும் சோதனை. நியூட்ரலில் கிளட்சை முழுவதும் மிதியுங்கள். கிளட்ச் பிளேட்டும் கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்டும் சுற்றுவது நின்றுவிடும். மிதித்ததும் சத்தமோ அதிர்வோ அடங்கினால் அந்தப் பக்கம் சந்தேகப்படலாம். மிதிக்கும்போது மட்டும் சத்தம் வந்தால், கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங்தான் காரணம். எந்த மாற்றமும் இல்லையா? கியர்பாக்ஸை விட்டுவிடுங்கள்.

முள் அசையவில்லை, இன்ஜின் சத்தமும் சீராக இருக்கிறது, ஆனால் உள்ளே மட்டும் நடுக்கம் என்றால் இன்ஜின் மவுண்ட்டை, அதாவது இன்ஜினைத் தாங்கி அதிர்வை வாங்கிக்கொள்ளும் ரப்பர் தாங்கியை, பாருங்கள். பானட்டைத் திறந்து, ஹேண்ட்பிரேக் போட்டு, பிரேக்கையும் அழுத்திக்கொண்டு முதல் கியரில் கிளட்சை மெல்ல விடுங்கள். ஆர்பிஎம் இறங்கத் தொடங்கியதும் மறுபடி மிதித்துவிடுங்கள். ரிவர்ஸிலும் இதே மாதிரி. உடன் இருப்பவர் பக்கவாட்டில் நின்று பார்க்கட்டும். காருக்கு முன்னாலும் பின்னாலும் யாரும் நிற்கவே கூடாது. இன்ஜின் லேசாகச் சாய்வது இயல்பு. 'டொக்' என்று தூக்கிப் போட்டால் மவுண்ட் போய்விட்டது.

இன்ஜினே மிஸ்ஸிங் அடித்தால், அதாவது ஏதாவது ஒரு சிலிண்டரில் எரிபொருள் சரியாக எரியாவிட்டால், கோளாறு கோடைப் படிக்கும் ஸ்கேனர் போட்டுப் பாருங்கள். பி0301 என்றால் முதல் சிலிண்டர். ஒவ்வொரு பிளக்குக்கும் தனிக் காயில் (பிளக்குக்கு மின்சாரம் தருவது) உள்ள கார் என்றால், இன்ஜினை அணைத்துவிட்டு அந்தக் காயிலை இரண்டாவது சிலிண்டருக்கு மாற்றுங்கள். கோடு பி0302 ஆனால் காயில்தான் குற்றவாளி. செக் இன்ஜின் விளக்கு விட்டுவிட்டு எரிந்தால் மட்டும் ஓட்டாதீர்கள். எரியாத பெட்ரோல் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கெடுத்துவிடும்.

நிற்கும்போது உதறி, ஆக்சிலரேட்டரை மிதித்து 2000 தாண்டியதும் சரியாகிவிடுகிறதா? காற்றுக் கசிவைத் தேடுங்கள். ஐடிலிங்கில் இன்ஜின் இழுக்கும் காற்றே குறைவு என்பதால் சின்ன விரிசலும் பெரிதாகத் தெரியும். என் காரில் இதுதான் நடந்தது. மேலிருந்து பார்த்தால் ஹோஸ்கள் எல்லாம் நன்றாகவே இருந்தன. இன்ஜினை அணைத்து, ஆறவிட்டு, ஒவ்வொன்றையும் விரலால் வளைத்துப் பார்த்தபோது இன்ஜின் உள்ளே சேரும் வாயுவைத் திரும்ப இழுத்துக்கொள்ளும் பிசிவி ஹோஸின் அடிப்பக்கம் பிளந்திருந்தது. புதியதைப் போட்டதும் முள் 800இல் நின்றது.

ஹோஸ்களில் எதுவும் இல்லையென்றால், அடுத்து இன்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியில் படிந்த கரியைத் துடைத்துப் பாருங்கள்.