சப்வெர்ஷனில் போஸ்ட்-கமிட் ஸ்கிரிப்ட் ஓடவில்லையா?

சப்வெர்ஷன் என்பது கோப்புகளில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் மென்பொருள். ஒவ்வொரு கமிட்டும், அதாவது மாற்றத்தைப் பதிவதும், முடிந்தவுடன் அது தானாக ஓட்டும் ஸ்கிரிப்ட்தான் போஸ்ட்-கமிட் ஹூக். கோப்புகள் சேமிக்கப்படும் ரெப்போவின் ஹூக்ஸ் ஃபோல்டரில் போஸ்ட்-கமிட்டுக்கான மாதிரிக் கோப்பு ஏற்கெனவே இருக்கும். அதை நகலெடுத்து, பெயரின் .tmpl என்ற பின்னொட்டை நீக்கி, இயக்க அனுமதி கொடுங்கள். விண்டோஸ் சர்வர் என்றால் பேட் (.bat) கோப்பாக வையுங்கள்.

கையால் ஓட்டினால் சரியாக ஓடுகிறது, கமிட் செய்தால் மட்டும் சத்தமே இல்லை என்றால் பெரும்பாலும் சூழல்தான் காரணம். சப்வெர்ஷன் ஹூக்குகளைச் சூழல் மாறிகள் எதுவும் இல்லாத வெறுமையான சூழலில் ஓட்டுகிறது. கட்டளைகளை எங்கே தேடுவது என்று சொல்லும் பாத் (PATH) மாறிகூட இருக்காது. ஆகவே ஒவ்வொரு கட்டளைக்கும் முழுப் பாதையை எழுதுங்கள். சோதிக்கும்போதும் சூழல் மாறிகளைக் காலி செய்துவிட்டே ஓட்டிப் பாருங்கள். அப்புறம், ஸ்கிரிப்ட் ஓடுவது உங்கள் கணக்கில் அல்ல. அப்பாச்சி வெப் சர்வர் வழியாக வரும் கமிட் என்றால் அப்பாச்சியின் கணக்கில்தான் ஓடும். அந்தக் கணக்குக்கு வேண்டிய இடத்தில் எழுதும் உரிமை இருக்கிறதா என்று பாருங்கள்.

ஸ்கிரிப்ட் தோற்றாலும் கமிட் ரத்தாகாது. அது பூஜ்யம் அல்லாத எண்ணோடு முடிந்தால்தான் பிழைச் செய்தி கமிட் செய்தவருக்குப் போகும். எதற்கும் ஒரு லாக் கோப்பிலும் எழுதிவிடுங்கள். மின்னஞ்சல் அனுப்புவது போல நேரம் பிடிக்கும் வேலையைப் பின்னணியில் தள்ளலாம். ஆனால் அதன் வெளியீட்டையும் பிழை வெளியீட்டையும் வேறு பக்கம் திருப்பிவிடுங்கள், இல்லாவிட்டால் அது முடியும்வரை கமிட் தொங்கிக்கொண்டே நிற்கும்.