பீரியட்ஸ் வலி: மாத்திரையைத் தாமதமாகப் போடுவதுதான் பாதித் தப்பு

என் மகள் வயசுக்கு வந்து முதல் ஒரு வருஷம் வலி என்று சொன்னதே இல்லை. போன ஆடியில்தான் திடீரென்று அடிவயிற்றைச் சுருட்டிப் பிடித்து இழுக்கிறது, தொடை கடுக்கிறது என்று பள்ளியிலிருந்து போன். நான் பயந்துவிட்டேன். ஆனால் இது வழக்கமானதுதான்: ஆரம்ப மாதங்களில் பலருக்குக் கருமுட்டை வெளியாகாமலே உதிரம் போகும், முட்டை சரியாக வெளியாக ஆரம்பித்த பிறகுதான் இந்த வலி தலைகாட்டும்.

கருப்பையின் உள்சவ்வில் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் சுரந்து கருப்பையை இறுக்கிப் பிழிகிறது, வாந்தியும் வயிற்றுப்போக்கும் கூடவே வருவதும் அதனால்தான். இபுபுரூஃபன், மெஃபனமிக் ஆசிட் என்ற வலி மாத்திரைகள் இரண்டும் அது உருவாவதையே தடுப்பவை. அதனால் வலி உச்சத்துக்குப் போய் அழுத பிறகு போட்டால் பாதிப் பலன்தான். லேசாக இழுக்க ஆரம்பித்ததும் போட வேண்டும். வெறும் வயிற்றில் வேண்டாம், இரண்டு இட்லியாவது உள்ளே போகட்டும். அளவை ஒருமுறை டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், ஆஸ்துமா, அல்சர், சிறுநீரகப் பிரச்சினை இருந்தால் கட்டாயம் கேட்க வேண்டும். மெஃபனமிக் ஆசிட் போட்ட சில நாளிலோ வாரத்திலோ காய்ச்சலும் தடிப்பும் வந்தால் உடனே நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். அரிதுதான், ஆனால் 2023-இல் இந்திய மருந்தியல் ஆணையமே எச்சரித்த விஷயம். ஆஸ்பிரின் இந்த வயசுக்கு வேண்டவே வேண்டாம்.

அப்புறம் வெந்நீர் பை. முக்கால் பைக்கு மேல் நிரப்பாமல், காற்றை அழுத்தி வெளியேற்றி மூடி, துண்டில் சுற்றித் தொப்புளுக்குக் கீழே இருபது நிமிஷம். பை இல்லையா, கல் உப்பை வாணலியில் வறுத்துத் துணியில் மூட்டை கட்டி, முதலில் உங்கள் முன்கையில் வைத்துச் சூடு பார்த்துவிட்டு ஒத்தடம் கொடுங்கள். எங்கள் வீட்டில் மாத்திரை வேலை செய்ய ஆரம்பிக்கும் வரை இதுதான் கை கொடுக்கிறது. சுக்கு காபி சிலருக்கு இதமாக இருக்கும், பிடித்தால் குடிக்கட்டும். படுத்தே கிடப்பதைவிட மொட்டை மாடியில் பத்து நிமிஷம் நடப்பது நல்லது, அந்த நேரத்தில் சொன்னால் முறைப்பாள், பரவாயில்லை.

"கல்யாணம் ஆனா சரியாயிடும்" என்பவர்களை விட்டுத் தள்ளுங்கள். மூன்று மாதம் சரியாக மாத்திரை போட்டும் பள்ளிக்குப் போக முடியவில்லை, மாதாமாதம் வலி ஏறுகிறது, பீரியட்ஸ் இல்லாத நாளிலும் வலிக்கிறது, மணிக்கொரு நாப்கின் நனைகிறது என்றால் மகப்பேறு மருத்துவரிடம் போக வேண்டும், கருப்பையின் உள்சவ்வு போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் பதின்வயதிலும் வரும். இன்னும் வயசுக்கு வராத பெண்ணுக்கு மாதாமாதம் அடிவயிறு வலித்தாலும் காட்டிவிடுங்கள், உதிரம் வெளியேற வழியில்லாமல் உள்ளே தேங்கியிருக்கலாம். போகும்போது வெறுமனே "ரொம்ப வலிக்குது" என்று சொல்லாமல், எந்தத் தேதி, எத்தனை மணிக்கு மாத்திரை, எவ்வளவு நேரத்தில் குறைந்தது என்று காலண்டரில் குறித்ததைக் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள்.