டீகோடரைக் குறை சொல்லும் முன்

மாடல் ரயிலில் புதிதாகச் சத்தம் பொருத்துகிறவர்கள் என்ஜினை என்னிடம் ஓட்டிக் காட்டும்போது பெரும்பாலும் கேட்பது ஒன்றுதான்: "அண்ணா, சத்தம் தகரடப்பா மாதிரி இருக்கு. வேற டீகோடர் வாங்கட்டுமா?" டீகோடர் என்பது என்ஜினுக்குள் இருந்து ஓட்டத்தையும் சத்தத்தையும் கட்டுப்படுத்தும் சிறு சர்க்யூட் பலகை. கோளாறு அதில்தான் என்று நானும் ஒரு காலத்தில் நினைத்தேன். அழுக்குத் தண்டவாளம், மாற்றி இணைத்த வயர் இவையெல்லாம் ஒருமுறை பட்டால் புரிந்துவிடும். பட்டாலும் காரணம் பிடிபடாத தவறுகளைத்தான் இங்கே சொல்கிறேன்.

கூடு இல்லாத ஸ்பீக்கர்

ஸ்பீக்கரின் சவ்வு முன்னே வரும்போது முன்பக்கக் காற்று அழுந்துகிறது, பின்பக்கக் காற்று அதே நொடியில் தளர்கிறது. பின்பக்கத்தை ஒரு கூடு, அதாவது காற்றுப் புகாத சிறு பெட்டி, மூடாமல் இருந்தால் இரண்டும் ஓரத்தைச் சுற்றி வந்து கலந்து, ஒன்றை ஒன்று அழித்துவிடும். அதிகம் அடிபடுவது கனத்த, தாழ்ந்த ஒலிதான். ஹாரன் நன்றாகக் கேட்கும், டீசல் உறுமல் மட்டும் காணாமல் போகும்.

இது தெரியாமல், ஸ்பீக்கர் சிறியது என்று முடிவு கட்டினேன். பெரியது வாங்கினேன். உள்ளே இடமில்லை, என்ஜினின் உலோக எடையை ரம்பத்தால் அறுத்தேன். கூடில்லாமல் அப்படியே வைத்தேன். அதே தகரச் சத்தம். அப்புறம் விலை கூடிய டீகோடர் ஒன்று. அதிலும் அதே. சில மாதம் கழித்து, கழற்றிப்போட்ட பழைய 11×15 மி.மீ. ஸ்பீக்கரை அதற்கான பிளாஸ்டிக் கூட்டில் ஒட்டி, வயர் வரும் துளையையும் பசையால் அடைத்தேன். மேஜை மேல் வைத்து ஓட்டியபோது உறுமல் வந்தது! ஆனால் அறுத்த எடை திரும்பவில்லை. முன்பு எட்டுப் பெட்டிகளோடு ஏறிய மேட்டில் அந்த என்ஜின் இப்போது சக்கரம் வழுக்கி நிற்கிறது. பார்க்கும்போதெல்லாம் இன்றும் வயிறு எரிகிறது.

அதனால் எதையும் அறுப்பதற்கு முன் இதைச் செய்யுங்கள். ஸ்பீக்கரை வெறும் விரலில் பிடித்து என்ஜின் சத்தத்தை ஓடவிடுங்கள். அப்புறம் ஒரு கெட்டி அட்டையில் சவ்வின் அளவுக்குத் துளை போட்டு, அதன்மேல் இடைவெளி இல்லாமல் அழுத்துங்கள். சத்தம் தடிக்கும். வித்தியாசம் காதில் விழுந்தால் கூட்டுக்கு இடம் தேடுங்கள். முன்பக்க ஒலிக்கும் ஒரு வழி வேண்டும். ரேடியேட்டர் கிரில்லோ அடிப்பக்க இடைவெளியோ போதும். ஒட்டும்போது சவ்வில் ஒரு துளி பசைகூடப் படக் கூடாது.

முழு வால்யூம்

எச்ஓ என்ற மாடல் அளவு 1:87, அதாவது நிஜ ரயிலில் 87-ல் ஒரு பங்கு. நீங்கள் ஒரு மீட்டர் தள்ளி நின்றால், நிஜத்தில் 87 மீட்டர் தள்ளி நிற்பதற்குச் சமம். அவ்வளவு தூரத்தில் நின்றால் என்ஜின் சத்தம் பக்கத்தில் நின்று கேட்பது போலக் காதைப் பிளக்காது. மொத்த வால்யூமைப் பாதியாகக் குறைத்துவிட்டு, ஒவ்வொரு சத்தத்தையும் தனித்தனியாகச் சரிசெய்யுங்கள். ஹாரன் மேலே, உறுமல் அதற்குக் கீழே, பிரேக் கீச்சு இன்னும் கீழே. சவ்வு நடுங்கிக் கரகரப்பதும் இதில் நின்றுவிடும்.

ஓம் பார்க்காமல் மாற்றுவது

ஓம் என்பது ஸ்பீக்கரின் மின்தடை அளவு. 8 ஓம் கேட்கும் டீகோடரில் 4 ஓம் ஸ்பீக்கரை மாட்டினால் டீகோடர் கருகிவிடலாம்.

குப்குப் கணக்கு

இரண்டு சிலிண்டர் உள்ள சாதாரண நீராவி என்ஜினுக்குச் சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் நான்கு குப் சத்தம் வர வேண்டும். மூன்று சிலிண்டர் என்றால் பொதுவாக ஆறு. சக்கரத்தில் வெள்ளைப் பெயின்ட் புள்ளி ஒன்று வைத்து, மெதுவாக ஓட்டி எண்ணுங்கள்.

சட்டென்று கிளம்புவது

டீசல் என்ஜினில் முதலில் உறுமல் ஏறும், பிறகுதான் வண்டி நகரும். சிவி என்பது டீகோடரில் நாம் மாற்றக்கூடிய எண் அமைப்பு; வேகம் மெல்ல ஏறுவதைத் தீர்மானிக்கும் சிவி 3 பூஜ்யத்தில் இருந்தால் சத்தம் எழும் முன்பே வண்டி பாய்ந்துவிடும். அதைக் கூட்டுங்கள், மெல்ல நிற்பதற்குச் சிவி 4-ஐக் கூட்டுங்கள். உறுமல் எழுந்த பிறகே நகரும்படி தாமதம் வைக்கும் வசதியும் சில டீகோடர்களில் உண்டு. அதை வைத்துவிட்டு, நின்றுகொண்டிருக்கும் சரக்கு வண்டியைக் கிளப்பிப் பாருங்கள்.